மதியம் மட்டும் தவறிய நேரம்

கிரிவலப் பாதையில் இருந்த அடி அண்ணாமலை செல்போன் டவர் மதியமானால் தடுமாறியது. பேச்சு பாதியில் அறுந்தது, பக்கத்து டவர்களும் சேர்ந்து திணறின. சாயங்காலத்துக்குள் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். டவர்களைப் பராமரிக்கும் நிறுவனத்தில் இன்ஜினியராக இருந்த கவிநிலா, கருவியில்தான் கோளாறு என்று நினைத்துப் பெட்டியை மாற்றினாள், கேபிளை மாற்றினாள். ஒன்றும் பலிக்கவில்லை.

அதற்குள் ஒரு சம்பவம் நடந்துவிட்டது. ஒரு மதிய வேளையில் கிரிவலப் பாதையில் ஒரு பெரியவர் மயங்கி விழ, அவரை ஏற்ற வந்த ஆம்புலன்ஸின் மேப் அடி அண்ணாமலை அருகே அப்படியே நின்றுபோனது. டிரைவர் திருப்பத்தைத் தவறவிட்டு, எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வந்தார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதைக் கேட்டதும் கவிநிலாவுக்குப் பொறி தட்டியது.

ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுவதும் டவருக்கு நேரம் சொல்வதும் மேலே சுற்றுகிற அதே சாட்டிலைட்டுகள்தான். அங்கிருந்து வந்து சேரும் சிக்னல் மிக மெலிசு. பக்கத்தில் ஒருவன் அதே அலைவரிசையில் இரைச்சல் போட்டால் போதும், அது அமுங்கிவிடும். நேரம் தவறிய டவர் தன் முறை தப்பி மற்ற டவர்களின் பேச்சில் குறுக்கிடும். பௌர்ணமியோ நெருங்கிக்கொண்டிருந்தது. லட்சக்கணக்கில் ஜனம் வரும் இரவில் இப்படி ஆனால் என்ன கதி?

அவள் கொடுத்த புகாரின் பேரில், அலைவரிசைகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்திலிருந்து முருகையன் என்ற அதிகாரி சென்னையிலிருந்து வந்தார். மதிய வெயிலில் இருவரும் இரைச்சல் வரும் திசையைக் காட்டும் ஆன்டெனாவையும் மீட்டரையும் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார்கள். ஒரு புளியமரத்து நிழலில் நின்ற வெள்ளைக் காரின் அருகே மீட்டர் முள் எகிறியது. உள்ளே, போனுக்குச் சார்ஜ் போடும் இடத்தில், கட்டைவிரல் பருமனில் ஒரு கருப்புச் சாமான் செருகியிருந்தது.

எதிர்வீட்டிலிருந்து சாப்பிட்ட கையோடு ஒருவன் ஓடிவந்தான்.

"இன்னா சார், இன்னா மேடம்? நோ பார்க்கிங்கா?"

"சிக்னல அடைக்கிற இந்த ஜாமர் யாருதுப்பா?" என்றார் முருகையன்.

அவன் முகம் வெளுத்தது. பெயர் காசி. பக்கத்து ஆசிரமம் ஒன்றின் அருகே டிராவல்ஸ் நடத்தும் ஆதிமூலத்திடம் டிரைவர்.

"வண்டியில ஜிபிஎஸ் இருக்குதுங்க. ஓனர் போன்லயே பாத்துனு இருப்பாரு. பத்து நிமிஷம் ஜாஸ்தி நின்னா எங்கடா நிக்கிறனு கேப்பாரு. கொழந்த பொறந்து ரெண்டு மாசம்தான் ஆவுது. நான் காலையில போறப்பவும் தூங்குது, ராத்திரி வர்றப்பவும் தூங்குது. மதியம் வந்தா முழிச்சினு இருக்கும்னு இத மாட்டினு வருவேன்."

"இதால ஆம்புலன்ஸ் வழி தப்பிப் போச்சு, தெரியுமா?" என்றாள் கவிநிலா.

"என் வண்டிய மட்டுந்தான் மறைக்கும்னு சொல்லி வித்தாங்க மேடம். சத்தியமா தெரியாதுங்க."

அவன் பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவில்லை. அதனால் மனசு இன்னும் கனத்தது. முருகையன் சாமானைப் பிடுங்கி உறையில் போட்டுக் கையெழுத்து வாங்கினார். "போலீஸ் ஸ்டேஷன்ல வழக்கு உண்டுப்பா. தெரியாம செஞ்சேன்றதையும் எழுதறேன். முடிவு என் கையில இல்ல."

வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரும் பதில் சொல்ல வேண்டும் என்று போன் போனதும் ஆதிமூலம் பைக்கில் பறந்து வந்தார். காசியைப் பார்த்ததுமே கத்தினார்.

"வூட்டுக்குப் போய்ட்டு வரணும்னா வாயத் தொறந்து கேக்கறதுக்கு என்னடா? குடுத்திருக்க மாட்டனா?"

"கேட்டேன்ண்ணா. ரெண்டு தபா கேட்டேன்," என்றான் காசி, தலை நிமிராமல்.

வீட்டு வாசலில் காசியின் மனைவி அபிநயா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆதிமூலம் முருகையனிடம் தணிந்த குரலில் கேட்டார்: "ஸ்டேஷனுக்கு நானும் வரணுமா சார்?"

"வரணும்."

"சரி. இவனை நானே கூட்டினு வரேன். மொதல்ல சாப்ட்டு முடிக்கட்டும்."

மறுநாள் மதியம் டவர் தடுமாறவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஆனால் கவிநிலாவுக்கு நிம்மதி வரவில்லை. காசி மாதிரி இன்னொருவன், ஏன், வேண்டுமென்றே கெடுக்க நினைக்கிறவன் ஒருவன் வந்தால்? சாட்டிலைட் சிக்னல் அறுந்தாலும் நாள் முழுக்கச் சரியான நேரம் காட்டக்கூடிய நல்ல கடிகாரத்தைக் கிரிவலப் பாதை டவர்களில் வைத்தே ஆகவேண்டும் என்று மேனேஜர் எதிரே போய் உட்கார்ந்து வாதாடினாள். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் காவல் வைக்கிறோம், நேரத்துக்கு ஏன் வைக்கக் கூடாது என்று கேட்டாள். செலவு அதிகம் என்றார் அவர். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் முதலில் ஒரு டவருக்கு மட்டும் சம்மதித்தார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் அடி அண்ணாமலை டவரில் அந்தக் கடிகாரத்தைப் பொருத்தினார்கள். சோதித்துப் பார்க்க, சாட்டிலைட் ஆன்டெனாவின் கேபிளைக் கவிநிலா தன் கையாலேயே கழற்றினாள். திரையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நேரம் பிசகாமல் ஓடியது. கீழே கிரிவலம் போகிற ஒரு பெண், போனில் ஊருக்குப் பேசிச் சிரித்தபடியே டவரைக் கடந்து போனாள்.