அதுக்குப் பேர் பால் இல்லை

குடல் முறுக்கிக்கொண்டதால் அந்தப் பொடிசுக்குப் பிறந்த வாரமே வயிற்றைத் திறந்து தைத்தார்கள். அம்மாக்காரி தையல்காரி. "என்னைவிட நெருக்கமா தச்சிருக்காங்க" என்று அழுகைக்கு நடுவிலும் சிரித்தவள். கொஞ்ச நாளைக்கு வாய்வழி ஒன்றும் கிடையாது, சாப்பாடெல்லாம் ரத்தக்குழாயில்தான். அதில் கொழுப்பு மருந்து ஒன்று, சிரிஞ்சில் வெள்ளைவெளேரென்று இருக்கும். வார்டில் அதைப் பால் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். வினை அங்கேதான் பிடித்தது, கண்ணுகளா.

ஆபரேஷன் செய்த டாக்டர் வெளியூரிலிருந்து தினம் போனில் கேட்பார்: "பால் ஆரம்பிச்சாச்சா?"

"ஓடுது சார்," என்பாள் நர்ஸ்.

பிள்ளையின் கண் மஞ்சளாகிக்கொண்டே போனது. ஈரல் கெடுகிறது என்றது ரத்தச் சோதனை.

"என் பாலை ஒரு சொட்டு வாயில விடலாமா சிஸ்டர்?"

"அதான் பால் ஓடுதேம்மா. அவசரப்படாதீங்க."

அவள் பீய்ச்சிப் பீய்ச்சித் தொட்டியில் ஊற்றினாள். "தொட்டிதான் கொழுக்குது அண்ணி," என்றாள் கூட இருந்த நாத்தனார்.

ஒருநாள் டாக்டரே நேரில் வந்தார். பிள்ளையின் கண்ணைப் பார்த்ததும் முகம் மாறியது.

"பால் எவ்வளவு தாங்குறான்?"

நர்ஸ் சிரிஞ்சைக் காட்டினாள்.

"இதையா? நான் கேட்டது வாய்வழி குடுக்கிற தாய்ப்பாலை! வயித்துல கொஞ்சமாவது இறங்கினாத்தானே பித்தம் நகரும்? நரம்பு வழியாவே ஓட்டினா ஈரல் திணறாதா?"

"நாங்க இதைத்தான் சார் பால்னு..."

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு தையல்காரி பக்கம் திரும்பினார். "ஒரு சின்னக் குழப்பம்மா."

"சின்னதா? சட்டையில கை மாறிப்போனா நான் பிரிச்சுத் தைப்பேன். ஈரலைப் பிரிச்சுத் தைப்பீங்களா? மார்ல பால் கட்டிக்கிட்டு வாசல்லயே நின்னேனே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

யாரும் கெட்டவர்கள் இல்லையாம். அதைக் கேட்டால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

"இப்பவே ஆரம்பிக்கலாம். கொழுப்பையும் குறைச்சிடுறேன். தேறலாம், மாசக்கணக்காகும். சத்தியம் பண்ண முடியாதும்மா," என்றார் டாக்டர், தலையைத் தூக்காமல்.

அவள் ஒரு சொட்டு விட்டாள். மஞ்சள் கண்ணை மூடியபடியே பொடிசு நாக்கை நீட்டி இன்னொன்றைத் தேடினான்.

அடுத்த ஷிப்டுக்கு வந்த நர்ஸிடம் பழைய நர்ஸ் வேலையை ஒப்படைத்தாள்: "பால் ஓடுது, அப்புறம்..."

"அதுக்குப் பேர் பால் இல்லை," என்றாள் தையல்காரி, திரும்பாமலே.

பழைய நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கொழுப்பு மருந்து ஓடுது. பால்... அம்மா குடுக்கிறாங்க."