யானைக்குப் பிடித்த சனி

நான் லிப்ட் மெக்கானிக். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் என் பிழைப்பு. கோபக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன், பொய்யில்லை. ஆனால் எனக்கு ஒரு பைத்தியமும் உண்டு. குழந்தைப் பாட்டு. டிவியில் காது கிழியக் கத்துகிற ரகம் இல்லை. ஓர் அண்ணனும் தங்கையும், எந்தக் கம்பெனி தயவும் இல்லாமல், தங்கள் சமையலறையிலேயே பாட்டுக் கட்டி அங்கேயே பதிவு செய்து வெளியிடுவார்கள். பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம்கூடக் கேட்கும்.

மகள் மூன்று வயதில் அதில் விழுந்தாள். அவளோடு நானும் மனைவியும் விழுந்தோம். ‘யானைக்குச் சளி புடிச்சுது’ என்பது அவர்கள் பாட்டு. எங்கள் வண்டியின் ஓட்டை ஸ்பீக்கரில் அது ‘சனி புடிச்சுது’ என்று கேட்டது. வருஷக்கணக்கில் மூன்று பேரும் அப்படியே தொண்டை வற்றப் பாடினோம். ஒருமுறை நூலக அரங்கில் அவர்கள் பாடும்போது எங்கள் வரிசை மட்டும் ‘சனி’ என்று கத்த, மேடையில் தங்கைக்குச் சிரிப்புத் தாங்காமல் பாட்டே நின்றுபோனது. அன்றைக்கு வீடு வரும்வரை எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை.

போன வாரம் அதே அரங்குக்கு அவர்கள் மறுபடி வந்தார்கள். மகளுக்கு இப்போது பதினாலு வயசு. இன்னும் ஒரு தடவையாவது மூன்று பேருமாகப் போய்விட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மனைவி நர்ஸ். ஷிப்டை மாற்றித் தர மாட்டேன் என்கிறார்கள் என்றாள். மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், அதெல்லாம் பால்குடி மறக்காததுகளுக்கு, யாராவது பார்த்தால் மானம் போய்விடும் என்றாள். எனக்கு வந்ததே கோபம். உனக்கு ஜட்டி மாட்டிவிட்டுக்கொண்டே பாடினேனே, அப்போது என் மானம் எங்கே போயிருந்தது என்று கத்திவிட்டுத் தனியாகக் கிளம்பினேன்.

குழந்தை இல்லாமல் வந்த ஒரே ஆள் நான்தான். பக்கத்து இருக்கைப் பெண் தன் பிள்ளையைக் கொஞ்சம் நகர்த்தி உட்காரவைத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. யானைப் பாட்டு வந்தது. வாயைத் திறந்தேன், குரல் எழும்பவில்லை. மூன்று பேர் சேர்ந்து தப்பாகப் பாடினால் வேடிக்கை. ஒண்டியாகப் பாடினால் வெறும் தப்பு.

முடிந்ததும் நழுவப் பார்த்தேன். வாசலில் தங்கை பிடித்துக்கொண்டாள்.

“நீங்க அந்தச் சனிக் குடும்பம்தானே? பாப்பா எங்க?”

“அவளுக்குச் சளி” என்றேன். அந்த வார்த்தையை அன்றுதான் முதல்முறையாகச் சரியாகச் சொன்னேன்.

அவள் விடவில்லை. அடடா என்று அண்ணனையும் கூப்பிட்டு, அங்கேயே நின்றபடி ஒரு பாட்டுக் கட்டி, என் போனில் பாடிக் கொடுத்தாள். மூக்கு ஒழுகுகிற பாப்பா சீக்கிரம் எழுந்து வரணுமாம். பாடி முடிப்பதற்குள் என் மூக்குதான் அடைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து மகளின் அறைக்கதவைத் தட்டிப் போனை நீட்டினேன். ஒரு காதிலிருந்த இயர்போனை மட்டும் எடுத்துவிட்டு, இரண்டு வரி கேட்டாள்.

“எனக்கு எங்கப்பா சளி? ஏன் பொய் சொன்னே?”

“உனக்கு வரப் பிடிக்கலன்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா. அவங்க இன்னும் உன்னைப் பாப்பான்னுதான் தேடுறாங்க.”

அவள் பாட்டை நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை கேட்டாள். கேலி செய்வாள் என்று பார்த்தேன், அதுவும் செய்யவில்லை. செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

“நல்லா இருக்குப்பா. அவங்களுக்கு தேங்க்ஸ் சொல்லிடு” என்றாள், முன்பின் தெரியாத விருந்தாளியிடம் பேசுகிற மரியாதையோடு. பிறகு இயர்போனை மாட்டிக்கொண்டாள். நான் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.