மெத்தைக் கடையில் விடைபெறுதல்

அக்கா பெட்டியை மூன்றாவது முறையாக மூடியபோது மணி பதினொன்று. மாலை ஆறரைக்கு விமானம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறையிலிருந்த எடை மெஷினில் ஏறி நின்று பார்த்தாள். பிறகு பெட்டி இல்லாமல் ஏறி, அதிலிருந்து இதைக் கழித்தாள். பெட்டி சரியான எடைதான். அவள்தான் இந்த மூன்று வாரத்தில் இரண்டு கிலோ ஏறியிருந்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்து சாப்பிட்டால் வேறென்ன ஆகும்?

பதினெட்டு வருடமாக ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். பழக வருகிறவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. தம்பி படிப்பு, தம்பி வேலை, தம்பி கல்யாணம் என்று வரிசையில் நின்று அவள் முறை வருவதற்குள் கவுன்டரைச் சாத்திவிட்டார்கள். அந்தத் தம்பிதான் ஏழு வருடமாக இந்தத் தூர தேசத்தில் குடும்பத்தோடு இருக்கிறான். டிக்கெட்டை எடுத்து அனுப்பிவிட்டுத்தான் அவளுக்கே சொன்னான்.

குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அப்படிக் கவனித்தான். மலை ரயிலில் ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்தான். ஏரியில் படகு, படகில் அவள் தோளில் தன் கோட்டு. பனியில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், நாற்பத்து நாலு வயதில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தனக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ராத்திரி படுக்கையில் அதை நினைத்துக் கொஞ்சம் அழவும் செய்தாள்.

இருந்தாலும் ஊருக்குப் போக அவள் கால் பரபரத்தது. காரணம் திங்கட்கிழமை. முதலாளிக்குக் கண் மங்கிவிட்டது. ஸ்கூலை நடத்தும் பொறுப்பை முழுசாக அவள் பெயருக்கு எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்து. போர்டில் அவள் பெயர். வேறு யாருடைய வரிசையும் இல்லாத, அவளுக்கென்றே வந்த ஒரே காரியம். முதலாளியின் மருமகன் அந்த நாற்காலிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறான் என்பதால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. வந்த இரண்டாம் நாளே தம்பியிடம் சொன்னாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டே, நல்ல விஷயம்தான், ஆனா எதுக்கு இந்த வயசுல இவ்வளவு அலைச்சல் என்றான்.

இன்று சனிக்கிழமை. நாளை போய் இறங்கினால் ஒரு நாள் தூங்கி எழுந்து போக நேரம் சரியாக இருக்கும்.

இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். தம்பி ஓட்ட, தம்பி மனைவி பக்கத்தில். பின்னால் குழந்தை சீட்டில் ஒன்றரை வயது மகள், அதன் பக்கத்தில் அக்கா. பின்கதவு இரண்டும் உள்ளிருந்து திறக்காது. குழந்தைக்காகப் போட்ட பூட்டு. தம்பி மனைவி வாயெல்லாம் பல்லாக இருந்தாள். நாத்தனார் ஊருக்குப் போகும் நாளில் இத்தனை சந்தோஷம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் எந்த வீட்டிலும் உள்ளதுதானே என்று அக்கா மனசைத் தேற்றிக்கொண்டாள்.

சொல்லிக்கொடுக்கிறவளை ஒருமுறை ஒரு சாலையில் அழைத்துப் போனால் போதும், அது அவளுக்கு மனப்பாடம். விமான நிலையத்திலிருந்து வந்த வழி அவளுக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டியிடம் இடது பக்கம் திரும்ப வேண்டும். தம்பி நேராகப் போனான். அவளுடைய வலது கால் தன்னையறியாமல் தரையை அழுத்தியது. அங்கே மிதியடியைத் தவிர ஒன்றுமில்லை.

திருப்பத்தை விட்டுவிட்டாயே என்றாள். சும்மா வா அக்கா, ஒரு சர்ப்ரைஸ் இருக்கு என்றான் அவன். விமானத்துக்கு நேரமாகும் என்றாள். அதெல்லாம் ஆகாது என்றாள் தம்பி மனைவி, திரும்பிப் பார்க்காமல். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது அக்காவுக்கு. கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். அது இழுத்த இழுப்புக்கு வந்தது, கதவு வரவில்லை.

கார் போய் நின்றது ஒரு பெரிய மெத்தைக் கடை வாசலில். தம்பி வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டு, ஏதோ பரிசு கொடுக்கப் போகிறவன் போல இரண்டு கையையும் விரித்தான்.

"நீ இன்னிக்குப் போகலக்கா. டிக்கெட்டை மூணு மாசம் தள்ளிப் போட்டாச்சு. உனக்குக் கட்டில் வாங்கத்தான் வந்திருக்கோம். எத்தனை நாள் சோபாவுலயே படுப்ப?"

தம்பி மனைவி கைதட்டினாள். அம்மா தட்டியதால் குழந்தையும் தட்டியது.

மீதியை உள்ளே நடந்துகொண்டே சொன்னார்கள். தம்பி மனைவி திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள். குழந்தைகள் காப்பகத்தில் மூன்று மாதம் கழித்துத்தான் இடம். யாரோ தெரியாதவர்களிடம் பிள்ளையை விடுவதற்கு அத்தை இருக்கும்போது என்ன தலையெழுத்து? அக்காவுக்கும் ஓய்வு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அவளுடைய மூன்று மாதத்தை எடுத்து அவளுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டு நிற்கிறான் தம்பி, முகத்தில் அத்தனை பூரிப்போடு. அதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொய்யாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

விசா, என்றாள். அதுவும் முடிந்தது என்றான். போன வாரம் படகுத்துறையில் ஒரு காகிதத்தை நீட்டி, இதுல ஒரு கையெழுத்து போடுக்கா என்றானே, அதுதான் விசாவை நீட்டிக்கும் மனு. அவள் போட்டிருந்தாள். கண்ணாடியைப் பார்க்காமல் காரை எடுக்காதே என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள், அதில் ஒரு வரியைக்கூடப் பார்க்கவில்லை. அப்பா போனதிலிருந்து அவர்கள் வீட்டில் அதுதான் பழக்கம். தம்பி நீட்டுவான், அக்கா போடுவாள். படித்துப் பார்த்தால் நம்பவில்லை என்று ஆகிவிடும். பாஸ்போர்ட்டும் பத்திரமாக இருக்கட்டும் என்று அவனிடம்தான்.

"திங்கட்கிழமை எனக்கு ஸ்கூல்ல கையெழுத்துடா. உன்கிட்ட சொன்னேனே."

"அதையும் பேசிட்டேன்கா. உன் முதலாளிக்குப் போன வாரமே போன் பண்ணிட்டேன். நல்ல மனுஷன், உடனே புரிஞ்சுக்கிட்டார். மருமகனுக்கே கொடுத்துடறாராம். நீ எப்பப் போனாலும் உன் பழைய வேலை இருக்கு. எதுக்கு உனக்கு அந்த டென்ஷன்?"

அக்கா போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டாள். அங்கே இருட்டியிருக்கும், சாப்பிட்டு முடித்திருப்பார். அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. ஊர் நல்லா இருக்கா, குளிர் எப்படி என்று விசாரித்தார். அவள் கேட்டதற்கு, இது அவளே எடுத்த முடிவுதானே என்கிற மாதிரி பதில் சொன்னார்.

"தம்பி எல்லாம் சொன்னாரேம்மா. வீட்டு ஆம்பளையே பேசினப்புறம் உன்னை வேற கூப்பிட்டு எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன். நேத்தே எழுதிக் கொடுத்தாச்சு."

சரிங்க என்றாள். அவரிடம் வேறு எதையும் சொல்லிப் பதினெட்டு வருடத்தில் அவள் பழகியிருக்கவில்லை. தம்பி ஒருவன் முடிவு செய்ததுகூட அவளுக்கு அத்தனை வலிக்கவில்லை. அதைக் கேட்ட முதலாளிக்கும் அது இயல்பாகவே பட்டதுதான் வலித்தது. இத்தனை பேருக்கு நடுவில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒரு ஆளுக்குக்கூடத் தோன்றவில்லை.

கடைக்காரப் பெண் வந்து ஒரு கட்டிலைக் காட்டிப் படுத்துப் பார்க்கச் சொன்னாள். தம்பி செருப்பைக் கழற்றச் சொல்லி அவள் கையைப் பிடித்தான். அக்கா படுத்தாள். மெத்தை நன்றாகத்தான் இருந்தது. மேலே வரிசை வரிசையாக விளக்கு, சுற்றிலும் யாரும் தூங்காத கட்டில்கள். கடைக்காரப் பெண் குனிந்து அவள் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டாள். பிடித்திருக்கிறதா என்றுதான் கேட்டிருப்பாள். ரொம்பப் பிடிச்சிருக்காம் என்று தம்பி அந்த ஊர் மொழியில் அவளுக்காகப் பதில் சொன்னதை, மொழி தெரியாமலே அக்கா புரிந்துகொண்டாள்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னைக் கேட்டிருந்தா நான் இருந்திருப்பேன்டா. ஸ்கூல் கையெழுத்தை முடிச்சுட்டு, அடுத்த வாரமே திரும்பி வந்திருப்பேன். நம்ம பிள்ளைக்கு வராம யாருக்கு வரப் போறேன்?"

தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது. தம்பி மனைவி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, நான் அப்பவே சொன்னேன் அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கன்னு என்று முணுமுணுத்தாள். சொல்லியிருக்கவும் கூடும். சொல்லிவிட்டு விட்டிருக்கவும் கூடும். நாளைக்கே போகிறேன், டிக்கெட் போடு என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். போய் இறங்கி எங்கே போவது? மருமகன் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு எதிரில் நின்று, இன்று எந்த வண்டி சார் என்று கேட்கவா? இங்கேயோ, அவள் போனால் திங்கட்கிழமை தம்பி மனைவிக்கு வேலை போகும். குழந்தை இதற்குள் அவள் பக்கம் தாவி வந்து, தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டது. அந்தச் சின்னக் கனத்தை எந்தப் பக்கமும் நகர்த்த முடியவில்லை.

தம்பி பயந்துவிட்டான். அவள் பக்கத்தில் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தான். வெகுநாள் கழித்துச் சின்னப் பையன் முகமாக இருந்தது.

"தப்புதான்கா. சரி, இப்பக் கேக்கறேன். நீயே சொல்லு. மூணு மாசம் இருக்கியா?"

போன வாரம் இதைக் கேட்டிருந்தால் இருக்கிறேன், போகிறேன் என்று அவளிடம் இரண்டு பதில் இருந்திருக்கும். அக்கா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"இருக்கேன். ஆனா சரின்னு சொல்ல மாட்டேன். சொன்னா நீ என்னைக் கேட்டதா ஆயிடும்."

கடைக்காரப் பெண் ரசீதுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு காத்திருந்தாள். அவளிடம் என்ன சொல்வது என்று தம்பிக்குத் தெரியவில்லை.