படியில் நிற்காத கடல்

புதன்கிழமை மாலை நாலு பத்துக்குக் கடல் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தது. தெருவில் வேறு எந்த வீட்டுக்கும் அது போகவில்லை. கீழ்வீட்டுத் தபால்காரர் வாசலில் காயப் போட்டிருந்த தலையணைகூட நனையவில்லை. முழங்கால் உயரத்துக்கு, உள்ளே நாலைந்து மீன்களோடு, மாடிப்படியில் கிடந்த செருப்புகளைப் பார்த்துச் சுற்றிக்கொண்டு வந்து, ஒட்டுக்காரியின் வீட்டு வாசலுக்கு இரண்டு படி கீழே தயங்கி நின்றது. கதவைத் திறந்தவர் அவளுடைய மாமியார். முப்பத்தொரு வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் கண்டக்டரம்மா. படியில் நிற்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

"படியில நிக்கக் கூடாது. ஒண்ணு உள்ள ஏறு, இல்ல கீழ இறங்கு" என்றார்.

கடல் உள்ளே ஏறியது.

ஒட்டுக்காரி என்பது கேலிப் பெயர் அல்ல, வேலையால் வந்த பெயர். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சிக் கொட்டகையில் பவளம் ஒட்டுவது அவள் வேலை. கடல் மாடியேறி வருவதற்கு ஏழு வருடங்களுக்கு முன் வழி தவறிய சரக்குக் கப்பல் ஒன்று கரைக்கு எதிரே இருந்த பவளப்பாறையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதை இழுத்துப் போனபோது பாதிப் பாறை நொறுங்கிக் கிடந்தது. பவளம் பார்ப்பதற்குக் கல் மாதிரி இருந்தாலும் உயிருள்ளது. உடைந்த துண்டைப் பதமாக ஒட்டி வைத்தால் பிடித்துக்கொண்டு வளரும். அவள் விரல் நீளத் துண்டுகளை வாங்கி, இரண்டு பசைகளைச் சேர்த்து மாவு போலப் பிசைந்து, சிமெண்ட் வில்லைகளில் நட்டு, தொட்டியில் தேற்றி, முக்குளிப்பவர்களிடம் கொடுத்தனுப்புவாள். அவர்கள் அதைக் கொண்டுபோய்ப் பாறையில் பதிப்பார்கள். பாசி பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு துண்டையும் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுவாள். தன் பல்லை அரை நிமிடத்தில் தேய்த்துவிட்டு ஓடுகிறவள் ஒரு துண்டுக்கு ஐந்து நிமிடம் செலவழிக்கிறாள் என்பது அவள் கணவரின் குறை. முக்குளிப்பவர்களின் படகை ஓட்டுகிறவர் அவர்தான் என்பதால் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

அந்த வருடம் கோடை வரம்பு மீறியது. கடல் சூடேறி, பாறையில் பதித்தவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்து, எலும்பு நிறமாகிச் செத்துப்போயின. கொட்டகைத் தொட்டியில் நாற்பத்திரண்டு துண்டுகள் மிஞ்சின. அவையும் போய்விட்டால் அந்தக் கரையில் அந்தப் பவளத்துக்கு வம்சமே கிடையாது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம் புகைந்து நின்றது. புதியது வர இரண்டு மாதம் ஆகும் என்று மேலாளர் கையை விரித்துவிட்டார். ஒட்டுக்காரிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு ஊரிலேயே குளிர்ந்த இடம் எது என்று யோசித்தாள். வடக்குப் பார்த்த ஜன்னலைக் கோடை முழுக்கச் சாத்தியே வைத்திருக்கும் மாமியாரின் படுக்கையறை நினைவுக்கு வந்தது. பதினாறு வாளி, இரண்டு அண்டா, ஒரு குக்கர் எல்லாவற்றிலும் கடல்நீரை நிரப்பி நாற்பத்திரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கண்டக்டரம்மா ஒரு நாளைக்கு மூன்று முறை தரையைத் துடைக்கிறவர். தரையில் ஒரு பொருள் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள்தான் கடல் வந்தது.

அது ஏன் வந்தது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. பிள்ளைகளைப் பார்க்க வந்தது என்று தெருவில் சொன்னார்கள். வெளியே வெயில் தாங்காமல் நிழலுக்கு ஒதுங்கியது என்று படகோட்டி சொன்னார். எப்படியானாலும் அது படுக்கையறையில் இடுப்பளவு ஏறி, பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்து நின்றது. "ஹாலுக்கு வரக் கூடாது" என்று கண்டக்டரம்மா வாசற்படியில் சாக்பீஸால் கோடு போட்டார். கடைசிவரை அது கோட்டைத் தாண்டவில்லை. தபால்காரர் இரண்டு நாள் தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டும் விழாததால் பார்ப்பதை விட்டுவிட்டார். கண்டக்டரம்மா மெத்தையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். அவருடைய இரும்புக் கட்டில் மட்டும் உள்ளே தண்ணீரில் நின்றது. அது லேசுப்பட்ட கட்டில் அல்ல. பேருந்துக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த ஒரு நாள் அவருக்கு வலி கண்டது. தான் கலந்துகொண்ட வேலைநிறுத்தத்தாலேயே ஆஸ்பத்திரிக்குப் போகப் பேருந்து இல்லாமல், படகோட்டியை அவர் அந்தக் கட்டிலில்தான் பெற்றார்.

ஒட்டுக்காரி துண்டுகளை வாளியிலிருந்து எடுத்து, கையேட்டில் உள்ளபடி ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை எண் வரிசையில் அறைத் தரையில் அடுக்கினாள். குளிர்ச்சிக்குக் குறைவில்லை, ஆனாலும் ஒரு வாரத்தில் நுனிகள் வெளுக்கத் தொடங்கின. தளர்ந்த இரண்டு வில்லைகளை ஒட்டலாம் என்று ஒரு கிண்ணம் நிறையப் பசை பிசைந்தாள். அந்நேரம் மேலாளர் கூப்பிட்டார். கிண்ணத்தை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள்.

தரையைத் துடைக்க வழியில்லாமல் ஏழு நாள் பொறுத்த கண்டக்டரம்மா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். கூட்டத்தைப் பார்த்துப் பழகிய அந்தக் கண்ணுக்கு, யார் யாரோடு ஏறினார்கள் என்பது டிக்கெட் கேட்பதற்கு முன்பே தெரியும். ஒன்பதாம் எண்ணும் பத்தாம் எண்ணும் ஒன்றையொன்று பார்த்துச் சுருங்கி நிற்பதையும், பத்தாம் எண்ணின் சொந்தமான பதினேழாம் எண் அந்தக் கோடியில் தனியாக நிற்பதையும் அவர் கண்டார். குடும்பத்தைப் பிரித்து உட்காரவைத்தால் வண்டியில் சண்டைதான் வரும். இதில் ஒட்டுமொத்தமாகத் தரையில் வேறு கிடக்கின்றன. நாற்பத்திரண்டையும் எடுத்து, குடும்பம் குடும்பமாகப் பிரித்து, ஆகாத இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரு சாண் இடம் விட்டு, கிண்ணத்துப் பசையை வழித்து, தன் கட்டிலின் சட்டங்களில் வரிசையாக ஒட்டினார். பிறகு பரம திருப்தியோடு தரையைத் துடைத்தார், தண்ணீருக்கு அடியிலேயே.

ஒட்டுக்காரி திரும்பி வந்தபோது பசை கல்லாகியிருந்தது. பெயர்த்தால் துண்டுகள் உடையும். இந்த நிலையில் உடைந்த காயம் ஆறாது. அவள் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏழு வருஷம் வளர்த்தது அத்தை. இவ்வளவுதான் மிச்சம் இருந்துச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கண்டக்டரம்மா அன்று சாயங்காலம் தரையைத் துடைக்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு புதிய பிரஷ் வாங்கிவந்து, மருமகளுக்கு எதிரே கட்டிலின் மறுபக்கம் நின்று பாசி தேய்க்க ஆரம்பித்தார். இரண்டு பேரும் பிரஷ்ஷை மட்டும் பார்த்துத் தேய்த்தார்கள். கடலும் அந்த நாட்களில் அலை அடிக்காமல் அடக்கமாக இருந்தது. ஒன்பதாம் நாள் ஒட்டுக்காரி குனிந்து பார்த்தபோது, பத்தாம் எண்ணும் பதினேழாம் எண்ணும் நடுவில் கோடு தெரியாமல் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. நுனிகளில் ஊதா நிறம் திரும்பியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஒரே தாயிலிருந்து வந்த துண்டுகள் அருகருகே இருந்தால் கூடிவிடும், அந்நியத் துண்டுகள் கொட்டிக்கொள்ளும். கையேடு எழுதியவர்கள் எண்ணைப் பார்த்தார்களே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மாமியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கண்டக்டரம்மா, "ஈரத்தோட மேல விழாத" என்றார், தானும் இடுப்புவரை நனைந்திருந்ததை மறந்து.

இரண்டு மாதத்தில் வெளியே கடல் குளிர்ந்தது. உள்ளே இருந்த கடல் அடிக்கடி ஜன்னல் பக்கம் போய் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்காமல் கொள்ளாமல் இறங்கத் தொடங்கியது. இடுப்பளவு தண்ணீர் தொடையளவு ஆனது. கட்டிலோ வெளியே போகாது. அறைக்குள்ளேயே வைத்துப் பாகம் பாகமாகப் பூட்டிய கட்டில், மரையாணிகள் துருப்பிடித்துப் போயிருந்தன. படகோட்டி மூன்று முறை அளந்தார், மூன்று முறையும் கதவு நாலு விரல் குறைவாகவே இருந்தது. தண்ணீர் போய்விட்டால் நாற்பத்திரண்டும் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஊதா நுனி ஒன்று தண்ணீருக்கு மேலே தெரிந்தபோது ஒட்டுக்காரி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அதன்மேல் ஊற்றினாள். "அத்தை, போகுது" என்றாள்.

கண்டக்டரம்மா பீரோவைத் திறந்து, ஓய்வு பெற்ற நாளிலிருந்து கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த விசிலை எடுத்து ஒரு முறை ஊதினார்.

கடல் நின்றது.

"சாமான் ஏத்தணும். அதுவரைக்கும் வண்டி நகராது" என்றார்.

தண்ணீர் மறுபடி இடுப்புக்கு ஏறி, மார்புக்கு ஏறி, கட்டிலைத் தரையிலிருந்து தூக்கியது. படகோட்டி கதவையும் நிலையையும் கழற்றினார். குறுகலான சந்துகளில் பேருந்தைப் பின்னால் வரவைத்தே முப்பத்தொரு வருடம் கழித்த கண்டக்டரம்மா, ஹாலில் நின்று சுவரைத் தட்டித் தட்டிச் சொன்னார்: "வரலாம், வரலாம். இடது பக்கம் ஒடி. இன்னும் ஒடி. மெதுவா. தலைமாட்ட சாய்ச்சு வா. வரலாம், வரலாம்." சாக்பீஸ் கோட்டருகே கடல் தயங்கியது. அவரே குனிந்து அதைக் காலால் அழித்தார். ஒரு விரற்கடை இடைவெளியில், ஒரு நுனிகூட உரசாமல், கட்டில் வெளியே வந்தது. கண்டக்டரம்மா கால்மாட்டுச் சட்டத்தை ஒரு தடவை தடவினார். அவருக்குக் கண் கலங்கியது, அதை அவர் மறைக்கவும் இல்லை. பிறகு இரண்டு விசில் கொடுத்தார்.

"போலாம் ரைட்."

கட்டில் அகலத்துக்கு மட்டும் கடல் மாடிப்படி இறங்கித் தெருவழியாகப் போனது. தபால்காரர் சைக்கிளை ஓரமாகத் தள்ளி வழிவிட்டார். படகோட்டி படகில் முன்னால் போக, முக்குளிப்பவர்கள் பழைய பாறையின் நடுவே கட்டிலை இறக்கி நாலு காலையும் பதித்தார்கள்.

பதினோரு வருடங்கள் ஆகின்றன. கட்டில் இருக்கும் இடம் இப்போது தெரியாது. அதைச் சுற்றி அவ்வளவு பவளம். ஒட்டுக்காரி அதிலிருந்து துண்டெடுத்து, குடும்பம் பார்த்து ஒட்டி, கப்பல் நொறுக்கிய இடம் முழுவதையும் மூடிவிட்டாள். கண்டக்டரம்மா இன்னமும் ஹாலில் தரையில்தான் படுக்கிறார். புதுக்கட்டில் வாங்கலாம் என்று மகன் கேட்டபோதெல்லாம், "என் கட்டில் வேலையில இருக்கு, வேற எதுக்கு" என்று முடித்துவிட்டார். இப்போது முழங்கால் வலியால் அவரால் கதவுவரை நடந்துவர முடிவதில்லை. அதனால் புதன்கிழமைகளில் நாலு மணிக்கே மருமகள் கதவைத் திறந்து, மெத்தையைச் சுருட்டி அலமாரி மேல் வைத்துவிடுகிறாள். நாலு பத்துக்குக் கடல் வருகிறது. படியில் நிற்பதில்லை; நேராக உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால்வரை ஏறி, வலி குறையும்வரை இருந்துவிட்டு, இரண்டு விசில் கேட்டதும் கிளம்பிப் போகிறது. அதன் பிறகு ஒட்டுக்காரி தரையைத் துடைக்கிறாள்.