வயிறு நிறைந்த ஆடுகள்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கிளம்புவதாகத்தான் பேச்சு. ஆன்மேரி முந்தின நாளே மஞ்சள் கவுனை எடுத்துக் கட்டில்மேல் விரித்து வைத்துவிட்டாள். அவளோடு யு.கே.ஜி. படிக்கும் பையன் ஒருவன் முயலுக்குக் கீரை கொடுக்கும் வீடியோ, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. அனுமந்தையைத் தாண்டி, மெயின் ரோட்டோரம் புதிதாக ஒரு பண்ணை திறந்திருந்தார்கள். ஆடு, முயல், வாத்து, ஒரு மட்டக்குதிரை. நம் கையாலேயே தீனி கொடுக்கலாம்.

பூசை பாதியில் இருக்கும்போது அவள் அப்பா விக்டருக்கு போன் வந்தது. உப்பளத்து மேஸ்திரி. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, வாரிக் குவித்த உப்பை மழைக்கு முன்னால் மூடியாக வேண்டும், ஆள் போதவில்லை என்றார்.

"கொஞ்ச நேரத்து வேலைதான். முடிச்சிட்டு வந்துடுறேன்" என்று மனைவி பவுலினிடம் சொல்லிவிட்டு, கோயிலிலிருந்து அப்படியே போனான்.

மழை வரவில்லை. மேகம் கலைந்து வெயில் கொளுத்தியது. குவியல் அத்தனையையும் மூடி முடித்து விக்டர் வீடு திரும்பும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஆன்மேரி கவுனும் ஷூவுமாகத் தரையிலேயே தூங்கிப்போயிருந்தாள். ஆரோவில்லில் ஒரு கெஸ்ட் ஹவுசில் வாரம் ஆறு நாளும் பிறர் படுக்கையை விரித்துப்போடுகிறவள் பவுலின். இன்று வீட்டுத் துணி அத்தனையையும் துவைத்து முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈஸ்டருக்கு எடுத்த சட்டை அவன் முதுகில் உப்பு பூத்து அட்டை மாதிரி விறைத்திருப்பதைப் பார்த்தாள்.

"குளிச்சிட்டு வாங்களேன்."

"குளிச்சா அங்க கேட்டை மூடிடுவாங்க. பாப்பாவ எழுப்பு."

அவர்கள் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது, சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் போகிற கார்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. ஒரு கிண்ணம் கேரட் துண்டும் ஒரு கட்டு அகத்திக்கீரையும் கொடுத்து உள்ளே விட்டார்கள்.

ஆன்மேரி முதலில் முயலிடம் ஓடினாள். முயல்கள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. முன்னால் அள்ள ஆளில்லாமல் கேரட் குவிந்திருந்தது. அவள் நீட்டிய துண்டை ஒரு முயல் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வாத்துகள் தண்ணீரை விட்டு வரவே இல்லை. மட்டக்குதிரை நின்றபடியே தூங்கியது. கடைசியாக ஆட்டுப் பட்டி. பத்துப் பன்னிரண்டு ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவள் ஒவ்வொன்றின் வாயருகிலும் கீரையைக் கொண்டுபோனாள். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்த அமுதவல்லி என்ற அம்மாள், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "காலைலேர்ந்து ஒரே கூட்டம்மா. ஓயாம தின்னுதுங்க. இனிமே நாளைக்குத்தான் வாய வைக்கும். நீங்க காலைல வந்திருக்கணும்."

ஆன்மேரி கீரையோடு அம்மாவிடம் வந்தாள். "என்னைய அதுங்களுக்குப் புடிக்கலையாம்மா?"

"வயிறு ரொம்பிப்போச்சு, நான் இன்னா பண்றது? நேரங்கெட்ட நேரத்துல வந்தா இப்படித்தான்."

அது பவுலின் குழந்தைக்குச் சொன்னதல்ல என்று மூன்று பேருக்குமே தெரிந்தது. ஆன்மேரியின் உதடு பிதுங்கியது. விக்டர் வேலிக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து மண்ணிலேயே உட்கார்ந்தான். கண் தானாக மூடிக்கொண்டது.

ஒரு செவலை ஆடு எழுந்து அவனிடம் வந்தது. முழங்கையை மோந்தது. பிறகு நாக்கை நீட்டி நக்க ஆரம்பித்தது. விக்டர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறப்பதற்குள் இன்னொன்று வந்து தோளில் சட்டையைச் சப்பியது. அடுத்து இரண்டு குட்டிகள்.

"உப்பளத்துலயா வேலை?" என்று அமுதவல்லி சிரித்தாள். "உப்புன்னா உசிர விடும். இத்தினி நேரம் அந்தக் கேரட்ட தின்னு அதுங்களுக்கே சலிச்சிருக்கும்."

பவுலினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆன்மேரிதான் இப்போது சத்தம் போட்டு அழுதாள். "என்கிட்ட வரல! அப்பாகிட்டதான் போவுது! நான்தான வந்தேன்!"

"அழாதடா, இங்க வா." விக்டர் அவளை மடியில் இழுத்து உட்காரவைத்தான். அவளுடைய இரண்டு உள்ளங்கையையும் எடுத்துத் தன் கழுத்திலும் சட்டையிலும் அழுத்தித் தேய்த்தான். "இப்ப நீட்டு. விரல மடக்காத."

செவலை ஆடு குழந்தையின் கையைப் பார்த்தது. நக்கியது. ஆன்மேரி வீலென்று கத்திக் கையை இழுத்துக்கொண்டாள். உடனே மறுபடி நீட்டினாள். "சொரசொரன்னு இருக்குதும்மா! கூசுது!"

உப்பு தீரத் தீர அப்பாவின் சட்டையில் தேய்த்துக்கொண்டு ஆட்டிடம் நீட்டினாள். ஒவ்வோர் ஆட்டுக்கும் தனித்தனியாக, வரிசையில் வரச் சொல்லி அதட்டினாள். அவனுடைய கையையும் குட்டிகள் விடவில்லை. உப்பில் வெடித்த விரலிடுக்குகளில் நாக்கு படும்போதெல்லாம் அவன் பல்லைக் கடிப்பதைப் பவுலின் கவனித்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எரியலையா?"

"எரியுது. இருக்கட்டும்."

"கைய எடுத்துக்கங்க. அவ நீட்டட்டும்."

அவன் எடுத்துக்கொண்டான். காவலாள் வந்து விசிலடிக்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆன்மேரியை ஆடுகளிடமிருந்து பிரித்துத் தூக்கிவரவே பெரும்பாடாகிவிட்டது. குழாயடியில் கை கழுவவும் ஒரு சண்டை.

வண்டி ஏறிக் கொஞ்ச தூரத்திலேயே குழந்தை இருவருக்கும் நடுவில் தூங்கிவிட்டாள்.

"நாளைக்கு வேலைக்கு எப்ப போவணும்?" பவுலின் அவன் காதருகில் கேட்டாள்.

"விடியறதுக்கு முன்னாடியே."

"அப்ப இனிமே போயி ஒலை வைக்க என்னால ஆவாது. பரோட்டா வாங்கிக்கலாம்."

மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வண்டியை நிறுத்தினான். கடையில் கூட்டம் இருந்தது. பவுலின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்சலுக்கு நின்றாள். திரும்பிப் பார்த்தபோது, விக்டர் வண்டியின் ஹேண்டில்மேல் கையை மடித்துத் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கடைக்காரர் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார். பின்னால் நின்றவரை முன்னால் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.