மழைக்கு மஞ்சள் டயர்

"மழைல்லா பெய்யுது, இனி எல்லாவனும் மஞ்சக் கோடு போட்ட டயரத்தான் மாட்டுவானுவ" என்று நான் வேண்டுமென்றேதான் சொன்னேன். டிவியில் கார் ரேஸ். ஏதோ ஒரு வெளிநாட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கார்கள் எல்லாம் பின்னால் வெள்ளைப் புகைபோலத் தண்ணீரைக் கிளப்பிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தன. கரமனையில் எங்கள் வீட்டு முன்னறையில் சாயங்கால வெயில் தரையில் கிடந்தது. மஞ்சள் கோடு டயர் காய்ந்த ரோட்டுக்கானது. நனைந்த ரோட்டுக்குப் பச்சை, அடைமழைக்கு நீலம். இது எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சத்தியதாஸுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வழக்கமாக என்றால் நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் "சே, மஞ்சளா? ஆராக்கும் சொன்னது?" என்று துள்ளியிருப்பார். அன்றைக்கு "ம்" என்று மட்டும் சொன்னார். நான் கலங்கிப்போனேன்.

இதற்குப் போய் யாராவது கலங்குவார்களா என்று கேட்பவர்கள் என் வீட்டுக்காரரோடு ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். மனுஷன் தங்கம். குடி கிடையாது, சீட்டு கிடையாது, என்னை ஒரு சொல் கடிந்து பேசியது கிடையாது. கடிந்து பேசவும் வாயைத் திறக்க வேண்டுமே! பொன்முடி மலைப்பாதையில் அரசு பஸ் ஓட்டியே ரிட்டயர் ஆனவர். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும் ஆளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், அவரும் யாரிடமும் பேச மாட்டார். அந்தப் பழக்கத்தைச் சட்டையோடு சேர்த்துக் கழற்றி வைக்காமல் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். காலையில் "சாயா", மதியம் "போதும்", ராத்திரி "லைட்ட அணச்சுடு". கல்யாணமான புதிதில் எனக்கு இவர் ஊமையோ என்றுகூட ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் தப்பை மட்டும் அவரால் பொறுக்கவே முடியாது. ஒருநாள் சபையில் போதகர் பிரசங்கத்தின் நடுவில் வசனத்தின் அதிகாரத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். அத்தனை பேர் நடுவில் பெஞ்சிலிருந்து இவர் குரல் கேட்டது, "அது அடுத்த அதிகாரமாக்கும்." நான் வெட்கத்தில் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

என் பிழைப்போ பேச்சுதான். சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை. எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. சில பெண்கள் வந்து உட்காருவார்கள், என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தால் எழுந்து போய்விடுவார்கள். அதனால் முதலில் அவர்களுக்குக் கண்டிப்பாகப் பிடிக்காத ஒரு சேலையைப் படக்கென்று விரித்துப் போட வேண்டும். "அய்யே, இந்தக் கலரா? எனக்கு இளம் பச்சையில பார்டர் சின்னதா" என்று உடனே மடை திறந்துவிடும். இந்த வழி வீட்டிலும் எடுபடும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தற்செயலாகத்தான் கண்டுகொண்டேன். அவர் கார் ரேஸ் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பானூரில் டிப்போ பக்கத்து லாட்ஜ் ஒன்றில் அவருடைய கண்டக்டர் ஜெயன் டிவியில் காட்ட, அன்றிலிருந்து அதில் விழுந்தவர். நான் நேந்திரம்பழத்தில் பழம்பொரி சுட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாவம், அவனுக்க டயர் பஞ்சராயாச்சு போல, மாத்துதானுவ" என்றேன். நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பஞ்சரா? எட்டி, அது பஞ்சர் இல்ல. அவனுவ பிளான் பண்ணியாக்கும் மாத்துகது. இஞ்ச இரி, சொல்லித்தாறேன்."

இஞ்ச இரி! ஒரு பிள்ளை பெற்று வளர்த்த பிறகு முதல்முறையாக என் வீட்டுக்காரர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அன்றைக்கு அவர் பேசினார் பாருங்கள், பழம்பொரி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பேசினார். வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடிப்பது ஏன், உள்ளே போய்ப் பிடித்தால் பின்சக்கரம் என்ன செய்யும், பொன்முடியில் மஞ்சு இறங்கி ரோட்டை மறைக்கிற காலையில் தான் அதை எப்படிச் செய்வார் என்றெல்லாம் சொன்னார். பஸ் ஒன்று ஒருதடவை பிரேக் சூடாகி நின்றபோது பயந்துபோனதைச் சொன்னார். அவர் பயந்தது எனக்கு அன்றுவரை தெரியாது. அதன் பிறகு நான் விடுவேனா? ஒவ்வொரு ரேஸுக்கும் ஒரு தப்பைத் தயார் பண்ணிக்கொண்டு போய் உட்கார ஆரம்பித்தேன். மாவாட்டும்போதும் பஸ்ஸில் வரும்போதும் இந்த வாரம் எதைத் தப்பாகச் சொல்லலாம் என்றுதான் நினைப்பு. ஆனால் நல்ல தப்பு சொல்வது அத்தனை லேசில்லை. சொன்ன தப்பையே திரும்பச் சொன்னால் ஆள் சந்தேகப்படும். அதற்காக மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் போனில் ஒருத்தன் மலையாளத்தில் ரேஸை விளக்குவதைக் கேட்டுக் கேட்டுப் படித்தேன். அப்படியே எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷங்களுக்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்லாத நாளில்லை. ஒவ்வொரு வருஷமும் ரேஸ் தொடங்குகிற மாதத்தில் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பேன். "ஜெபமலர் சத்தியதாஸ், பெற்றுக்கொண்ட சகல நன்மைகளுக்காக" என்று வாசிப்பார்கள். எந்த நன்மை என்று எனக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும். ரேஸ் உள்ள ஞாயிறுகளில் ஜெயனும் இன்னொரு டிரைவர் தங்கையனும் வந்துவிடுவார்கள். முன்னறையில் சிவப்புக் கார்க்காரனுக்காகக் கூப்பாடு போடுவார்கள். இவரும் சேர்ந்து கூப்பாடு போடுவார். அடுத்த ரேஸ் வரை அந்தப் பேச்சின் மிச்சம் வீட்டில் ஓடும்.

பிறகு எல்லாம் மெல்ல மெல்ல வடிந்தது. முதலில் எஞ்சினை மாற்றினார்கள், காரின் சத்தம் போயிற்று. வீட்டுச் சுவர் அதிர்ந்தது போய் எங்கள் மிக்ஸி தேவலாம் என்று ஆனது. அப்புறம் வருஷக்கணக்கில் ஒரே ஆள் ஜெயித்துக்கொண்டிருந்தான். ஜெயித்தவனிடமிருந்தும் ரேஸ் முடிந்து, நாங்கள் பாத்திரம் கழுவி வைத்த பிறகு, அவன் தப்பு செய்தான் என்று இடத்தைப் பிடுங்கினார்கள். அதற்கும் மேலே கேபிளில் வந்துகொண்டிருந்தது நின்று, காசு கட்டிப் பார்க்கிற ஒரு ஆப்புக்குப் போயிற்று. ஜெயன் ஆப்பெல்லாம் நமக்கு ஆகாது என்று வராமல் நின்றுவிட்டார். தங்கையன் ஒருநாள் மனைவிக்குச் சேலை எடுக்க எங்கள் கடைக்கு வந்தபோது நான் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்களேன் அண்ணே. இப்ப எட்டியே பாக்கல்லியே?"

"எங்க வர? அது ரேஸா இப்ப? ஆரு ஜெயிப்பான்னு சனிக்கிழமையே தெரியும். பின்ன எதுக்கு ஞாயிற்றுக்கிழமைய களயணும்?" சேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சத்தியதாஸுக்கும் இப்ப பழைய மாதிரி ஆசை இல்ல, கேட்டியா. டிப்போவில கண்டப்போ சொன்னான், மடுத்துப் போச்சுன்னு."

அலுத்துவிட்டது என்று வெளியாட்களிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் தங்கையனுக்கு நல்ல சேலையாக எடுத்துக் காட்டக்கூடத் தோன்றவில்லை.

அந்த மஞ்சள் டயர் ஞாயிறு இதற்குப் பிறகுதான் வந்தது. அதன் பின் அவர் ரேஸ் நேரத்தில் திண்டாடுகிற மாதிரி எழுந்து எழுந்து போக ஆரம்பித்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், பேப்பரை மறுபடி வாசிப்பார். நான் சொல்கிற தப்பெல்லாம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. வீடு பழையபடி "சாயா", "போதும்" என்று ஆகிவிட்டது. முன்பு அந்த மௌனம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் பேசிப் பழகிய பிறகு வருகிற மௌனம் இருக்கிறதே, அதைத் தாங்க முடியவில்லை. கொச்சியில் வேலை பார்க்கும் மகள் சிஜிதான் டிவியில் அந்த ஆப்பைப் போட்டுத் தந்திருந்தாள். அவள் போன் பண்ணினாள்.

"அம்மா, சப்ஸ்கிரிப்ஷன் தீரப் போகுது. அப்பா வேண்டாம்னு பறஞ்சாங்க. நிறுத்தட்டா?"

"கெடக்கட்டு மக்ளே. நிறுத்தாதே."

"ஆரு காணுறதுக்காம்மா? அம்மாவா?" என்று சிரித்தாள்.

அடுத்த ரேஸன்று அவர் முற்றத்தில் இருந்தார். நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் போனபோது ஒரு கார் சுவரில் மோதி நின்றது. பாதையைச் சரிசெய்யும்வரை எல்லாக் கார்களும் பாதுகாப்பு வண்டியின் பின்னால் மெதுவாகப் போக வேண்டும். என் சிவப்புக் கார்க்காரன் இரண்டாவது இடத்தில் இருந்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நின்று கத்தினேன். "இப்ப உள்ள வாடா! எல்லாவனும் மெள்ளல்லா போறான், இப்ப டயர் மாத்துனா நேரம் நஷ்டமில்ல! வெள்ளைய மாட்டுடா, கடைசிவரைக்கும் தாங்கும்! வாடா மடையா, வா!" அவன் டயர் மாற்றுகிற இடத்துக்குள் திரும்பினான். வெள்ளைக் கோடு டயர். நான் கையைத் தட்டிக்கொண்டு திரும்பினால், வாசலில் பேப்பரோடு அவர் நிற்கிறார்.

எவ்வளவு நேரம் நின்றாரோ. என்னையே பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பஞ்சருக்கும் பிளானுக்கும் வித்தியாசம் தெரியாதவள், மழைக்கு மஞ்சள் டயர் மாட்டியவள் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அவர் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு முகம் எரிந்தது. இத்தனை வருஷமும் இவள் என்னைப் பேச வைத்து வேடிக்கை பார்த்தாள் என்று நினைத்திருப்பார், இனி ஜென்மத்துக்கும் என்னிடம் எதையும் விளக்க மாட்டார் என்று எண்ணி அடுக்களையில் நின்று அழுதேன். என் சிவப்புக் கார் என்ன ஆனது என்றுகூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு வாரம் வீட்டில் "சாயா"கூட இல்லை. டம்ளரைக் கையால் காட்டினார். நானும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, சரியாகவும் ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிறு டிவியைப் போடுவதா வேண்டாமா என்று இருந்தேன். கடைசியில் பழக்க தோஷத்தில் போட்டேன். ரேஸ் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார், நான் கூப்பிடவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், சின்ன வயதில் வேதவசனம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.

"பாதுகாப்பு வண்டி வந்தா பின்ன ஒருத்தனும் டயர் மாத்தப்பிடாது. அதாக்கும் சட்டம்."

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். வாழ்நாளில் ஒரு தப்புச் சொல்லாத மனுஷன். போதகரையே விடாத மனுஷன். முகத்தில் சிரிப்பு இல்லை. கண்டக்டர் விசில் கொடுக்கக் காத்திருக்கும் டிரைவர்போல நேரே பார்த்துக்கொண்டு, காது மட்டும் என் பக்கம் இருக்க உட்கார்ந்திருந்தார். என் கர்த்தாவே, இந்த ஆளுக்கு நான் என்ன நன்மை செய்தேன் என்று இருந்தது.

"ஆராக்கும் சொன்னது?" என்றேன். "அப்பத்தான் மாத்தணும். எல்லாவனும் மெள்ளப் போகும்போ நாம உள்ள நிக்கிற நேரம் நமக்கு லாபம்லா?"

"அப்படியா?"

"பின்னல்லாம? இஞ்ச கேளுங்க." நான் சொல்ல ஆரம்பித்தேன். டயரில் தொடங்கி எங்கெங்கோ போனேன். மத்தியானங்களில் கடையில் போனை மறைத்து வைத்துக்கொண்டு படித்ததைச் சொன்னேன். முதலாளியிடம் பிடிபட்டதைச் சொன்னேன். திரையில் கார்கள் சுற்றிக்கொண்டிருந்தன. யாரோ யாரையோ முந்தினான், கமெண்டேட்டர் கத்தினான். அவர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கி டிவிக்கு முதுகு காட்டி எனக்கு நேரே திருப்பிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"பின்ன?" என்றார்.