கால் சொன்னதும் திரை சொன்னதும்

இருபத்திரண்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவருக்கு ஒரு ஸ்டீயரிங் பார்த்து வாங்கத் தெரியாதா என்று வீட்டில் மார்தட்டிவிட்டுத்தான் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்கு வந்திருந்தார். மகளுக்குப் பதினேழு வயது. வீட்டில் பொம்மி என்று கூப்பிடுவார்கள். டிவியில் மாட்டும் வீடியோ கேம் கன்சோலில் கார் ரேஸ் ஆடி, முகம் தெரியாத நூறு பேரை முந்தி, ஆன்லைன் போட்டி ஒன்றில் அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டாள். அதுவரை கட்டைவிரலால் ஓட்டியது போதும், இனி நிஜ ஸ்டீயரிங் வேண்டும் என்பது அவள் கட்சி.

அன்று சனிக்கிழமை, மணி இரண்டரை. நான்கு மணிக்கு விளையாட்டுப் பயிற்சி முடியும். பதினொரு பிள்ளைகளை ஏற்றி வீடு வீடாக இறக்க வேண்டும். வேன் கடை வாசலில் மஞ்சளாக நின்றிருந்தது.

கடை ரயில் பெட்டி போல நீளமாகவும் குறுகலாகவும் இருந்தது. இரண்டு பக்கமும் கூரை வரை அட்டைப் பெட்டிகள், புது பிளாஸ்டிக் வாசனை. கோடியில் ஓர் இரும்புச் சட்டத்தில் பந்தயக் கார் இருக்கையைப் பூட்டி, எதிரே பெரிய டிவி வைத்திருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கடைப் பெண் எழுந்து வந்தாள்.

"கன்சோலா, கம்ப்யூட்டரா சார்?"

"கன்சோல்," என்றாள் பொம்மி.

"அப்ப அந்த வரிசையைப் பாக்கவே வேணாம். பெட்டி மேல உங்க கன்சோல் பேர் போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லன்னா வாங்கிட்டுப் போய் சுவத்துலதான் மாட்டணும்."

அவர் ஒரு ஸ்டீயரிங்கைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கு. ஹார்ன் எங்க?"

"இதுல ஹார்ன் இல்ல சார்."

"ஹார்ன் இல்லாம எப்படி ஓட்டுறது?"

"ப்பா, ரேஸ்ல ஹார்ன் அடிச்சா யாரும் வழி விட மாட்டாங்க," என்றாள் பொம்மி.

"ரோட்டுலயும்தான் விடறதில்ல. அதுக்காக அடிக்காமலா இருக்கேன்?"

கடைப் பெண் சிரித்துவிட்டாள். சகஜமாகிப்போன குரலில் வகைகளைச் சொன்னாள். ஒன்று உள்ளே பல்சக்கரம் வைத்தது, திருப்பினால் கடகடக்கும். ஒன்று பெல்ட் போட்டது, சத்தம் குறைவு. மூன்றாவது, மோட்டாரின் தண்டிலேயே நேராக மாட்டியது. அசட்டையாகப் பிடித்தால் மணிக்கட்டைத் திருகிவிடும். "ஆனா சார், ஸ்டீயரிங்க விடுங்க. நேரத்தக் குறைக்கறது பெடல்தான். எல்லாரும் மேல பாத்து வாங்கிட்டு, கீழ கோட்டை விட்டுடுவாங்க."

"கேட்டுக்கோ. தொழில் தெரிஞ்ச பொண்ணு," என்று அவர் மகளிடம் சொல்லிவிட்டு, வேன் சாவியைப் பக்கத்து மேசையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையில் இறங்கி உட்கார்ந்தார்.

கடைப் பெண் டிவியில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். ரேஸ் இல்லை, கார் இல்லை. கறுப்புத் திரையில் மூன்று பட்டைகள் மட்டும். நீலம் கிளட்ச், சிவப்பு பிரேக், பச்சை ஆக்ஸிலரேட்டர். காலை அழுத்தினால் பட்டை உயரும், எடுத்தால் இறங்கும். பெடல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் பக்கம் என்றாள்.

"ஆக்ஸிலரேட்டர் முழுசா அழுத்துங்க சார். ஆங். இப்ப விடுங்க."

"விட்டாச்சு."

"முழுசா விடுங்க."

"விட்டாச்சும்மா."

பச்சைப் பட்டை பாதியில் நின்றிருந்தது.

"சிக்கிக்கிட்டுதோ என்னவோ," என்று கடைப் பெண் குனியப்போனாள். அதற்குள் அவரே குனிந்து பார்த்துவிட்டார். பெடலில் சிக்கல் எதுவும் இல்லை. அதன் மேல் ஒரு கால் இருந்தது. சாம்பல் நிறக் காலுறை போட்ட அந்தக் கால் அவருடையது. கண்ணால் பார்த்தபடி அதைத் தூக்கினார். பட்டை சமர்த்தாக இறங்கியது.

காலை இருக்கைப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இந்தப் பெடல் சரியில்ல. வேற காட்டும்மா," என்றார்.

வேறு வந்தது. உலோகப் பெடல், கனமானது. இந்த முறை அவர் கீழே பார்க்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றினார். மாற்றியதாகத்தான் அவருக்குத் தோன்றியது. திரையில் சிவப்பு அசையவில்லை. பச்சை விறுவிறுவென்று உச்சிக்கு ஏறியது.

"இதுவும் சரியில்ல."

"எங்கப்பா லேசுல ஒத்துக்க மாட்டாரு," என்றாள் பொம்மி பெருமையாக. "செருப்பு வாங்கப் போனாக்கூட ரெண்டு மணி நேரம்."

மூன்றாவது பெடல், தான் நகரும் தூரத்தை அல்ல, காலின் பலத்தை அளப்பது. கடையிலேயே உசத்தியானது. எத்தனை கிலோ அழுத்தம் என்று சிவப்புப் பட்டைக்குப் பக்கத்தில் எண் ஓடும். குனிந்து பார்த்துக் காலைச் சரியாக பிரேக்கில் வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி, ஒரு பிள்ளை குறுக்கே ஓடிவந்தால் எப்படி மிதிப்பாரோ அப்படி மிதித்தார். தொடை நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது.

எண் ஒன்பதில் நின்றது.

"நான் அழுத்தினாலே நாப்பது வரும் சார்," என்றாள் கடைப் பெண். "கால் ஓரமா வழுக்குது பாருங்க. நடுவுல வச்சு அழுத்துங்க."

வழுக்கியது அவருக்குத் தெரியவே இல்லை.

குளிர்சாதனக் காற்று நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் முதுகில் சட்டை ஒட்டியது. வேறொரு பெடலைக் காட்டச் சொன்னார். அதன்பின் இன்னொன்றை. அந்தக் கடையில் ஏதாவது ஒரு பெடல், ஒரே ஒரு பெடல், தன் பக்கம் பேசாதா என்று அவர் தேடினார். அட்டைப் பெட்டிகள் காலடியில் குவிந்தன. எல்லாப் பெடலும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே சாட்சியைச் சொல்லின.

நான்கு மாதமாகக் கால் மரத்துப்போவது உண்டு. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டார். நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் தங்கிவிடும். யாராவது சொன்னால்தான் திரும்பிப் போய் எடுப்பார். போன வாரம் பள்ளி கேட்டில் வேன் நிற்காமல் அரை வண்டி தூரம் முன்னால் போய்விட்டது. அப்போது அவருடைய இருக்கைக்குப் பின்னால் இருந்த ஓட்டைப்பல் சிறுமி, "டிரைவர் அங்கிள், கேட்ட முட்டப் பாத்தீங்க," என்று கைகொட்டிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிரேக் பிடிக்கவில்லை என்று இதுவரை மூன்று தடவை ஒர்க்‌ஷாப்பில் விட்டார். மூன்றாவது தடவை மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "பிரேக் கல்லு மாதிரி இருக்குண்ணே, இதுக்கு மேல நான் என்ன பண்ண?" என்றான்.

ஆனால் வேனில் இந்த அளவுக்கு இல்லையே, வேனில் கால் இருக்கும் இடம் தெரிகிறதே என்று அவர் யோசித்தார். ஏன் தெரிகிறது? யோசித்ததும் பதில் வந்துவிட்டது. வேனில் எஞ்சின் இரைகிறது. இரைச்சல் ஏறினால் கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறது, அடங்கினால் இல்லை. இத்தனை நாளும் காதுதான் காலாக இருந்திருக்கிறது. பின்னால் பதினொரு பிள்ளைகள் கத்தும்போது, பாட்டுப் பாடும்போது, லாரி ஒன்று உரசுகிற மாதிரிப் போகும்போது, அந்தக் கால் எங்கே இருந்தது? யாருக்குத் தெரியும்? ஆழமான தண்ணீருக்குள் யாரோ விட்டுவிட்டுப் போன பொருளைப் போல அது தன்பாட்டுக்குக் கீழே கிடந்திருக்கிறது.

"பொம்மி," என்றார். "நீ திரையப் பாரு. நான் கண்ண மூடிக்கறேன். நான் சொல்றது சரியான்னு மட்டும் சொல்லு."

"என்னப்பா விளையாட்டு இது?"

"சொல்லு." கண்ணை மூடினார். "பிரேக்ல வச்சிருக்கேன்."

"இல்லப்பா. கிரீன் ஏறுது."

"இப்ப எடுத்துட்டேன்."

"இல்ல."

"இப்ப?"

கண்ணைத் திறந்தபோது அவள் திரையைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலுறையோடு அந்தக் கால் பச்சைப் பட்டைக்குரிய பெடலில் சாய்ந்து கிடந்தது. கடைப் பெண் ஒரு பெட்டியை மூட ஆரம்பித்து, மூடாமல் நின்றாள்.

"எவ்ளோ அழுத்தறோம்னு தெரியலையாப்பா?" குரல் சின்னதாகிவிட்டது.

"எங்க இருக்குன்னே தெரியல."

மணி மூன்று பத்து. பள்ளிக்கு இருபது நிமிட ஓட்டம். அவர் எழுந்து, குனிந்து பார்த்துப் பார்த்துச் செருப்பை மாட்டினார். "வண்டில ஒண்ணும் பிரச்சினை இல்ல. சத்தம் கேக்கும்ல, அத வச்சுப் பிடிச்சிடுவேன். இன்னிக்கு ஒருநாள் இறக்கிவிட்டுட்டு, திங்கக்கிழமை டாக்டர்கிட்ட..." சொல்லிக்கொண்டே மேசையைத் துழாவினார். அங்கே வைத்த வேன் சாவியைக் காணவில்லை.

அது பொம்மியின் கையில் இருந்தது. விரல் மூட்டுகள் வெளுக்கும்படி இறுக்கியிருந்தாள்.

"குடு."

"மாட்டேன்."

"பிள்ளைங்க வெயில்ல நிக்கும்மா."

"நிக்கட்டும்." ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. காய்ச்சல், பரீட்சை, இருட்டு எதுவானாலும் அவரிடம் ஓடிவந்து ஒட்டிக்கொண்டவள், இப்போது அவரிடமிருந்து விலகி நிற்கிறாள். மகள் தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று புரிந்தபோது, அன்று வந்த பயங்களிலேயே அதுதான் பெரிதாக இருந்தது.

அவர் பந்தய இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்து பள்ளிக்குப் போன் போட்டார். வண்டிகளைக் கவனிக்கும் மேடம் எடுத்தார்.

"மேடம், நாலு மணி டிரிப்புக்கு வேற வண்டி அனுப்புங்க. என்னால ஓட்ட முடியாது."

"மறுபடியும் பிரேக்கா?"

"பிரேக் நல்லாத்தான் இருக்கு மேடம். என் கால்தான்." குனிந்து காலைப் பார்த்தார். "கால்ல உணர்ச்சி இல்ல. பிரேக்ல வச்சிருக்கேனா, ஆக்ஸிலரேட்டர்ல வச்சிருக்கேனான்னு தெரியல."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. மேடம் ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "எத்தனை நாளா?"

இன்னிக்குத்தான் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் வேலை ஒருவேளை தங்கும். ஊர் வாயில் விழாமல் தப்பலாம். வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராகவே இருந்தது. தினமும் இரண்டு நடை, நான்கு மாதம். கேட்டருகே நிற்கும் அம்மாக்கள், சைக்கிள்காரர்கள், இருக்கைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்கிற சின்னக் கை. எதுவுமே நடக்கவில்லை. நடக்காதது தன் சாமர்த்தியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"நாலு மாசமா மேடம்," என்றார்.

மேடம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழும் சத்தம் கேட்டது. பிறகு, "வண்டியத் தொடாதீங்க. எங்க இருக்கீங்க, ஆள் அனுப்பறேன்," என்றார்.

கடையின் விலாசம் அவருக்குத் தெரியாது. போனை மகளிடம் நீட்டினார். பொம்மி ஒரு கையில் சாவியை விடாமல், மறு கையால் அதை வாங்கிக்கொண்டாள்.